திண்ணைத் தத்துவமும் அன்றாட மகிழ்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் மாதம் இருமுறை கூடிப் படிக்கும் சிறு குழு எங்களுடையது. புதுச்சேரியிலிருந்தும் சிலர் பேருந்தேறி வருகிறார்கள். கல்லூரியில் உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், பழைய கிரேக்க, ரோமானியச் சிந்தனையாளர்களான ஸ்டோயிக்குகளையும் இன்றைய உளவியலையும் சேர்த்துப் பேசும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. புதிதாக வருபவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகளாக இருப்பதால், அவற்றையும் நான் வழக்கமாகச் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்டோயிக் தத்துவம் என்பது என்ன? அது எங்கிருந்து வந்தது?

சைப்ரஸ் தீவைச் சேர்ந்த ஜீனோ என்ற வணிகர், கப்பல் உடைந்து சரக்கை இழந்து ஏதென்ஸ் நகருக்கு வந்து சேர்ந்ததாகவும், அங்கே ஒரு புத்தகக் கடையில் சாக்ரடீஸைப் பற்றிப் படிக்கக் கேட்டு மெய்யியலுக்குள் நுழைந்ததாகவும் பழைய வரலாறுகள் சொல்கின்றன. ஏறக்குறைய கி.மு. 300-இல் அவர் கற்பிக்கத் தொடங்கிய இடம், சுவரோவியங்கள் தீட்டப்பட்ட, தூண்கள் வரிசையிட்ட ஒரு பொதுத் தாழ்வாரம். அதன் கிரேக்கப் பெயர் ‘ஸ்டோவா’. ஸ்டோயிக் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. தெருவைப் பார்த்த திண்ணையில் பள்ளிக்கூடம் நடத்திய நமக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை என்பதால், எங்கள் குழுவில் இதைத் ‘திண்ணைத் தத்துவம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

இன்று நம் கையில் முழுமையாகக் கிடைப்பவை ரோமானியக் கால ஸ்டோயிக்குகளின் எழுத்துகளே. பேரரசன் நீரோவுக்கு ஆசிரியராக இருந்து, கி.பி. 65-இல் அவன் கட்டளையாலேயே உயிர் விட்ட செனெகா, அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்று ஆசிரியரான எபிக்டெட்டஸ், கி.பி. 161 முதல் 180 வரை பேரரசராக ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ் ஆகிய மூவரும் முக்கியமானவர்கள். ஒருவர் செல்வந்தர், ஒருவர் அடிமை, ஒருவர் அரசர் என்பது கவனிக்கத் தக்கது.

இவர்கள் நமக்கு மிகத் தொலைவில் இருந்தவர்கள் என்று நினைப்பவர்களைப் புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டுக்குப் போய்வரச் சொல்வேன். தொல்லியலாளர் மார்டிமர் வீலர் 1945-இல் அங்கே அகழ்ந்தபோது, மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து வந்த மதுச் சாடிகளின் துண்டுகளும் இத்தாலியில் வனைந்த சிவப்பு மெருகுக் கலங்களின் துண்டுகளும் கிடைத்தன. செனெகா கடிதம் எழுதிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில் அவர் நாட்டுச் சரக்கு இந்தக் கரையில் இறங்கிக்கொண்டிருந்தது. கருத்துகளும் இறங்கின என்று சொல்வதற்குச் சான்று ஏதும் இல்லை. ஆசைப்பட்டு அப்படிச் சொல்பவர்களை நான் தடுத்துவிடுகிறேன்.

அவர்கள் மகிழ்ச்சி என்று சொன்னது எதை?

நாம் ஒரே சொல்லில் அடக்குவதை அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். நல்ல சாப்பாடு, பாராட்டு, புதுச்சட்டை ஆகியவை தரும் கிளர்ச்சி ஒன்று. ஒரு வாழ்க்கை மொத்தமாகச் செம்மையாக நடக்கிறது என்ற நிறைவு மற்றொன்று. இரண்டாவதைத்தான் அவர்கள் இலக்காக வைத்தார்கள். அறிவு, நீதி, துணிவு, அடக்கம் என்ற நான்கு பண்புகளோடு நடந்துகொள்வதே அந்த நிறைவு என்றும், உடல்நலம், பணம், நற்பெயர் போன்றவை விரும்பத் தக்கவையே ஆனாலும் நன்மையின் இருப்பிடம் அவை அல்ல என்றும் சொன்னார்கள். பணம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. பணம் போனால் நீயும் போய்விட்டதாக எண்ணாதே என்றார்கள். இன்றைய உளவியலும் கணநேர இன்பத்தையும் வாழ்க்கை பற்றிய ஒட்டுமொத்த மதிப்பீட்டையும் தனித்தனியாகவே அளக்கிறது.

‘நம் கையில் இருப்பது, இல்லாதது’ என்று பிரிக்கச் சொல்கிறார்கள். நடைமுறையில் எல்லாமே பாதிப்பாதியாக அல்லவா இருக்கிறது?

எபிக்டெட்டஸின் கையேட்டின் முதல் வரியே இந்தப் பிரிவுதான். நமது கருத்து, நாட்டம், விருப்பு, வெறுப்பு ஆகியவை நம்முடையவை; உடல், உடைமை, பெயர், பதவி ஆகியவை முழுமையாக நம் வசத்தில் இல்லை என்கிறார். இதைக் கேட்டவுடன், ‘அப்படியானால் மகளின் தேர்வு எந்தப் பக்கம்?’ என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. படிப்பது அவள் கையில் இருக்கிறது, தரவரிசை அவள் கையில் இல்லை, அவளுக்கு அமைதியான அறை ஒதுக்கித் தருவது நம் கையில் இருக்கிறது என்று ஒரே விஷயத்துக்குள்ளேயே கோடு ஓடுகிறது.

ஸ்டோயிக்குகள் இதற்கு வில்லாளியை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். ரோமானிய எழுத்தாளர் சிசெரோ அதைப் பதிவு செய்திருக்கிறார். குறி பார்ப்பதும் நாணை இழுப்பதும் அம்பை விடுவதும் வில்லாளியின் வேலை. விட்ட பிறகு காற்று திரும்பலாம், இலக்கே நகர்ந்துவிடலாம். ஆகவே ‘நன்றாக எய்வது’ என்பதையே அவன் தன் குறிக்கோளாகக் கொள்ள வேண்டும். கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, வலை பழுது பார்ப்பதும் இயந்திரத்தைப் பிரித்துச் சரிசெய்வதும் படகுக்கு வண்ணம் பூசுவதும் அவர்களுடைய வேலை. ஜூன் 15-இல் கடல் என்ன தரும் என்பது கடலின் வேலை. அந்த அறுபத்தொரு நாளில் வலையைத் தைக்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருப்பவரைப் போலத்தான் நம்மில் பலர் தேர்வு முடிவுக்கும் மருத்துவ அறிக்கைக்கும் காத்திருக்கிறோம்.

நான் பரிந்துரைக்கும் பயிற்சி எளியது. ஒரு கவலையைத் தாளில் எழுதி, அதன் கீழே ‘இன்று மாலைக்குள் நான் செய்யக் கூடியது’ என்று எழுதி, அதில் ஒரு வினைச்சொல்லாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘கேட்பேன்’, ‘எழுதுவேன்’, ‘போய்ப் பார்ப்பேன்’ என்று ஏதாவது இருந்தால் அந்தப் பகுதி உங்களுடையது. ‘அவர் புரிந்துகொள்வார்’ என்று வேறொருவரின் வினை வந்தால், கோட்டுக்கு அப்பால் போய்விட்டீர்கள்.

ஸ்டோயிக் என்றால் உணர்ச்சியற்ற மரக்கட்டையாக இருப்பது தானே?

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய எழுத்தாளர் ஔலஸ் ஜெல்லியஸ் ஒரு கடற்பயணத்தை விவரிக்கிறார். புயலில் கப்பல் தத்தளிக்கிறது, எல்லாரும் அலறுகிறார்கள். கப்பலில் இருந்த பெயர்பெற்ற ஸ்டோயிக் அறிஞர் அலறவில்லை, ஆனால் அவர் முகம் வெளுத்துப்போயிருந்ததை ஜெல்லியஸ் கவனித்துவிடுகிறார். புயல் ஓய்ந்த பின், ஸ்டோயிக்காக இருந்தும் ஏன் வெளுத்தீர்கள் என்று கேட்கிறார். அறிஞர் கோபப்படாமல், தம்மிடமிருந்த எபிக்டெட்டஸின் உரை நூலை எடுத்துக் காட்டுகிறார். இடி இடித்தாலும் கூரை சரிந்தாலும் ஞானிக்கும் நெஞ்சு ஒரு கணம் துடிக்கும், முகம் மாறும். அது அவன் அனுமதி கேட்டு வருவதில்லை. அந்த முதல் அதிர்வுக்குப் பிறகு, ‘ஆம், இது உண்மையிலேயே பெருங்கேடுதான்’ என்று மனம் ஒப்புதல் கொடுக்கிறதா இல்லையா என்பதில்தான் ஞானியும் மற்றவரும் வேறுபடுகிறார்கள் என்பது அதிலுள்ள கருத்து. செனெகாவும் சினத்தைப் பற்றிய நூலில் இதையே சொல்கிறார்: முதல் அசைவு நம் வசத்தில் இல்லை, அதற்கு ஒப்புதல் தருவது நம் வசத்தில் இருக்கிறது.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அதிகாலையில் இந்தக் கரையைக் கடந்தபோது விழித்திருந்த எவரும் முகம் வெளுக்காமல் இருந்திருக்க முடியாது. வெளுத்த முகத்தோடு எழுந்து மாட்டை அவிழ்த்துவிட்டவர்களும் இருந்தார்கள்.

உணர்ச்சியை உள்ளே போட்டு அழுத்துவது வேறு விஷயம். உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பார்ப்பவரை முகம் சுளிக்க வைக்கும் ஓர் அறுவைக் காட்சியைப் பங்கேற்பாளர்களுக்குக் காட்டினார். ஒரு பிரிவினர் அதை ஒரு மருத்துவர் பார்ப்பதுபோல விலகி நின்று எண்ணிப் பார்க்குமாறும், மற்றொரு பிரிவினர் முகத்தில் எதையும் காட்டாமல் இருக்குமாறும் கேட்டுக்கொள்ளப்பட்டனர். பார்வையை மாற்றிக்கொண்டவர்களுக்கு அருவருப்பே குறைந்தது. முகத்தை மட்டும் மறைத்தவர்களுக்கு அருவருப்பு குறையவில்லை. உடலின் பதற்றக் குறிகள் கூடின. ‘ஆம்பளை அழக் கூடாது’ என்று நாம் பையன்களுக்குச் சொல்லித்தருவது இந்த இரண்டாவது வகை. அதற்கு ஸ்டோயிக்குகளைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

இதற்கும் இன்றைய மனநல சிகிச்சைக்கும் உண்மையான தொடர்பு உண்டா?

நேரடியான தொடர்பு உண்டு. ‘மனிதர்களைக் கலங்க வைப்பவை நிகழ்வுகள் அல்ல, நிகழ்வுகளைப் பற்றிய அவர்களுடைய தீர்மானங்களே’ என்ற எபிக்டெட்டஸின் கருத்தை, 1950-களின் நடுவில் தமது சிகிச்சை முறையை உருவாக்கிய ஆல்பர்ட் எல்லிஸ் தம்மிடம் வருபவர்களுக்கு எடுத்துச்சொல்வது வழக்கம். 1960-களில், எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் அறிதிறன் சிகிச்சையை வளர்த்த ஏரன் பெக்கும் அதன் மெய்யியல் வேர்கள் ஸ்டோயிக்குகளிடம் இருப்பதை எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்.

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த உறவினர், ‘பையனுக்கு இன்னும் வேலை அமையலையா?’ என்று கேட்கிறார். பாயசம் கசந்துவிடுகிறது. வீடு திரும்பும் வழியெல்லாம் பேச்சில்லை. நிகழ்வு ஒரு கேள்வி. விளைவு கெட்டுப்போன ஒரு நாள். இடையில் நாம் சொல்லிக்கொண்ட வாக்கியங்கள் சில இருக்கின்றன: ‘வேண்டுமென்றே கேட்டார்’, ‘பத்துப் பேர் முன்னால் தலைகுனிவு’, ‘மகன் தோற்றால் நான் தோற்றதுபோல’. எல்லிஸ் இதை நிகழ்வு, நம்பிக்கை, விளைவு என்று மூன்றாகப் பிரித்தார்.

இந்த வாக்கியங்களை இரண்டு விதமாக விசாரிக்கலாம். பெக்கின் வழியில் நின்று, அவை உண்மையா, அதற்குச் சான்று என்ன, அவர் எல்லாரையும் அப்படித்தானே கேட்கிறார் என்று கேட்கலாம். ஸ்டோயிக்கின் வழி இன்னும் ஓர் அடி போகிறது: அவர் வேண்டுமென்றே கேட்டார் என்பது உண்மையாகவே இருக்கட்டும், அதனால் உங்கள் நேர்மையிலோ மகனிடம் நீங்கள் வைத்த அன்பிலோ என்ன குறைந்தது? எல்லிஸும் இந்த இரண்டாவது கேள்வியின் பக்கமே சாய்ந்தார். என் அனுபவத்தில் முதல் கேள்வி பல நேரம் விவாதத்தில் மாட்டிக்கொள்கிறது, ஏனென்றால் உறவினர்கள் சில சமயம் உண்மையிலேயே வேண்டுமென்றுதான் கேட்கிறார்கள்.

ஆசைப்பட்டு வாங்கிய பொருளின் மகிழ்ச்சி ஏன் சில வாரங்களில் மறைந்துவிடுகிறது?

மனம் எதற்கும் பழகிவிடுகிறது என்பதே சுருக்கமான விடை. ஃபிலிப் பிரிக்மனும் அவருடைய இரு சகாக்களும் 1978-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேர், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேர், ஒப்பீட்டுக்காக வேறு 22 பேர் அதில் இடம்பெற்றார்கள். வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிக மகிழ்ச்சியோடு இல்லை. நண்பரோடு பேசுவது, காலை உணவு போன்ற சிறிய இன்பங்களில் அவர்களுக்கு ருசி குறைந்திருந்தது. ‘விபத்தில் சிக்கியவர்களும் லாட்டரி வென்றவர்களும் சமமாக மகிழ்ந்திருந்தார்கள்’ என்று இந்த ஆய்வை மேடைகளில் திரித்துச் சொல்வதுண்டு. அது தவறு. ஐந்துக்கு அளந்த மதிப்பில் வென்றவர்கள் 4.00, ஒப்பீட்டுக் குழுவினர் 3.82, விபத்துக்குள்ளானவர்கள் 2.96 என்று இருந்தது. துன்பத்துக்கும் பழகுகிறோம், ஆனால் முழுதாகப் பழகிவிடுவதில்லை. குழு மிகச் சிறியது என்பதையும் மறக்கக் கூடாது.

பழகிப்போனதை மீண்டும் புதிதாகப் பார்க்க ஸ்டோயிக்குகள் ஒரு வழி சொன்னார்கள்: இல்லாதவற்றைக் கற்பனை செய்து ஏங்குவதை விட்டு, இருப்பவற்றுள் சிறந்ததைத் தேர்ந்து, அது இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு தேடியிருப்போம் என்று எண்ணிப் பார்க்குமாறு மார்க்கஸ் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். 2008-இல் மின்கியாங் கூவும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதற்கு இணையான ஒன்றைச் சோதித்தார்கள். வாழ்வில் நடந்த ஒரு நல்ல நிகழ்வு எப்படி நடந்தது என்று எழுதியவர்களைவிட, அது எப்படி நடக்காமலே போயிருக்கக் கூடும் என்று எழுதியவர்களின் மனநிலை மேம்பட்டது. துணைவரைச் சந்திக்காமலே போயிருக்கலாம் என்று எழுதியவர்களுக்கு உறவில் நிறைவு கூடியது.

எங்கள் குழுவில் ஒருவர் நாற்பது ஆண்டுகளாகக் கடலிலிருந்து நடக்கும் தூரத்தில் குடியிருக்கிறார். மருமகன் ஊரிலிருந்து பேரக்குழந்தைகள் வரும்போது மட்டுமே வெள்ளிக் கடற்கரைக்குப் போவாராம். நாங்கள் இந்தப் பயிற்சியைச் செய்த வாரத்தில் அவர் தனியாகப் போய்விட்டு வந்து, ‘கடல் அங்கேயேதான் இருக்கிறது’ என்று அறிவித்தார்.

கெட்டது நடக்கும் என்று முன்கூட்டியே நினைப்பது அபசகுனம் அல்லவா?

இந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போய்விட்டு வருகிறேன்’ என்று சொல்லப் பழகிய மக்கள் நாம். திரும்பி வராமல் போகலாம் என்ற அறிவு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது; அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதே நம் நாகரிகம். எபிக்டெட்டஸோ, குழந்தையை முத்தமிடும்போது ‘இது இறக்கக் கூடிய ஓர் உயிர்’ என்று உனக்கே சொல்லிக்கொள் என்கிறார். குழந்தைச் சாவு மலிந்த காலத்தில் சொன்னது. பதின்மூன்று பிள்ளைகளுக்குக் குறையாமல் பெற்ற மார்க்கஸ் அவர்களுள் பெரும்பாலோரைப் பறிகொடுத்தவர். இருந்தாலும் இந்த அறிவுரையைக் கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு தாயிடம் நான் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

எதிர்பாராத அடிதான் அதிகம் வலிக்கும் என்று செனெகா சொன்னதை எடுத்துக்கொண்டால் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூரை ஓட்டை மாற்றுவதும் ஆவணங்களை நெகிழி உறையில் போட்டு மேல்தட்டில் வைப்பதும் அபசகுனம் ஆகாது. கவலைக்கும், வரக்கூடிய கேட்டை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் இந்த முன்னொத்திகைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: முன்னொத்திகை ஐந்து நிமிடத்தில் முடிந்து, ஒரு செயலில் போய் நிற்கும், கவலை இரவு இரண்டு மணிக்குத் தொடங்கி, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும். பதற்றக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பயிற்சியைத் தாமாகச் செய்ய வேண்டாம். அவர்களுக்கு இது எரிகிற அடுப்பில் விறகு வைப்பதுபோல ஆகிவிடும்.

எல்லாம் விதி என்று விட்டுவிடச் சொல்வதுதானே இது?

பழங்காலத்திலேயே இந்தக் குற்றச்சாட்டு எழுந்தது. ‘நான் நோயிலிருந்து தேற வேண்டும் என்பது விதியானால், மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் தேறுவேன், எனவே அழைப்பது வீண்’ என்ற வாதத்துக்குச் ‘சோம்பேறி வாதம்’ என்றே பெயர். ஸ்டோயிக் பள்ளியின் மூன்றாம் தலைவரான கிரிசிப்பஸ் இதற்கு விடை சொன்னார்: தேறுவது விதி என்றால், மருத்துவரை அழைப்பதும் அந்த விதியோடு சேர்ந்தே பின்னப்பட்டிருக்கிறது, ஒன்றை வெட்டிவிட்டு மற்றொன்றை எதிர்பார்க்க முடியாது.

நம் இலக்கியத்திலும் இந்த இழுபறி உண்டு. ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று கேட்ட வள்ளுவர், ஆள்வினையுடைமையில் ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’ என்கிறார். புறநானூற்று 192-ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார், மலையாற்று நீரின் வழியே போகும் தெப்பம்போல உயிர் முறைவழிப் போகும் என்று கண்டு, அதனால் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று முடிக்கிறார். ஸ்டோயிக்குகளைப் படித்த எவருக்கும் இங்கே மெய் சிலிர்க்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஸ்டோயிக்குகளுக்கு உலகை நடத்துவது அறிவுள்ள ஒரு பேரொழுங்கு. பூங்குன்றனாரின் ஆற்றில் அப்படி ஒரு மாலுமியை நான் காணவில்லை. ‘இன்பம் விழையான் இடும்பை இயல்பென்பான் துன்பம் உறுதல் இலன்’ என்ற 628-ஆம் குறள் அவர்களுக்கு இன்னும் நெருக்கமானது.

தனியாக மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளும் தத்துவமா இது? உறவுகளுக்கு இதில் இடம் உண்டா?

உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு ஸ்டோயிக்கான ஹியரோக்ளீஸ், மனிதனைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாக வட்டங்கள் வரைந்தார். நடுவில் நமது மனம், பிறகு பெற்றோரும் உடன்பிறந்தோரும், அதற்கு வெளியே மற்ற உறவினர், பிறகு ஊரார், நாட்டார், கடைசியாக மனித இனம். வெளி வட்டத்தில் உள்ளவர்களை ஒவ்வொரு படி உள்ளே இழுப்பதே நம் கடமை என்றார். அதற்கு அவர் சொன்ன உபாயம்தான் வியப்பானது: பெற்றோரின் உடன்பிறந்தவர்களைத் தந்தை என்றும் தாய் என்றும், அவர்களுடைய பிள்ளைகளை உடன்பிறந்தோர் என்றும் அழைத்துப் பழகுங்கள் என்கிறார். இதை நான் முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா என்றும், அவர்களுடைய பிள்ளைகளை அண்ணன், தங்கை என்றும் அழைக்கிற நாம், ஒரு கிரேக்கர் முயன்று கற்பிக்க விரும்பியதைப் பேச்சுப் பழகும்போதே கற்றுவிடுகிறோம். பேருந்து நடத்துநரை ‘அண்ணே’ என்றும், கீரை விற்பவரை ‘அக்கா’ என்றும் கூப்பிடும்போது வட்டம் இன்னும் ஒரு படி சுருங்குகிறது. அதே உறவுகளோடு சொத்துக்காக நீதிமன்றம் ஏறுவதும் நாம்தான் என்று ஒரு பெண்மணி அன்று எழுந்து சொன்னார். மறுக்க முடியவில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கி இன்றும் நடந்துவரும் நீண்டகால ஆய்வு, முதுமையில் நலத்தோடும் நிறைவோடும் இருந்தவர்களிடம் நல்ல உறவுகள் இருந்ததை முதன்மையாகக் காட்டுகிறது.

வீட்டிலோ வேலையிலோ அநியாயம் நடந்தால் அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டியதில்லை. நான்கு பண்புகளில் நீதியும் ஒன்று. அநீதியைக் கண்டு பேசாமல் இருப்பது ஸ்டோயிக் நெறிப்படியே தவறு. உள்ளம் கலங்காமல் இருப்பதும் எதிர்த்து நிற்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இங்கே அவர்களுடைய குறையையும் சொல்லியாக வேண்டும். எபிக்டெட்டஸின் ஆசிரியரான மூசோனியஸ் ரூஃபஸ், பெண்களும் மெய்யியல் கற்க வேண்டும் என்று வாதிட்டார். அடிமைகளும் மனிதர்களே என்று செனெகா உருக்கமாக எழுதினார். ஆனால் அடிமை முறையை ஒழிக்கச் சொல்லவில்லை, தாமும் அடிமைகளை வைத்திருந்தார். எனவே ‘மனத்தைத் திருத்திக்கொள், நிலைமை இருந்தபடி இருக்கட்டும்’ என்று மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு இதைப் போதிக்கத் தொடங்கினால் சந்தேகப்படுங்கள். வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது எபிக்டெட்டஸ் அல்ல; 181 என்ற மகளிர் உதவி எண்ணும், பாதுகாப்பான ஓர் இடமும்தான்.

தினமும் என்ன செய்யலாம்?

கொஞ்சமாகச் செய்யுங்கள். இரவு விளக்கை அணைத்து, மனைவியும் பேச்சை நிறுத்திய பின், அன்று சொன்னதையும் செய்ததையும் ஒன்றையும் மறைக்காமல் தமக்கே விசாரித்துக்கொள்வதாகச் செனெகா எழுதுகிறார். ‘இனி இப்படிச் செய்யாதே, இந்த முறை மன்னித்தேன்’ என்று தமக்கே சொல்லி முடிப்பாராம். அந்த மன்னிப்புதான் இந்தப் பயிற்சியின் உயிர். அது இல்லையென்றால் இரவு விசாரணை வெறும் சுயவதையாகிவிடும். இதோடு, அன்று நன்றாக நடந்த மூன்றையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதுங்கள். மார்ட்டின் செலிக்மனும் சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இப்படி எழுதியவர்களிடம் மகிழ்ச்சி கூடியதும் சோர்வு குறைந்ததும் ஆறு மாதம் வரை தெரிந்தது. தாமாகவே தொடர்ந்து எழுதியவர்களுக்குப் பயன் அதிகமாக இருந்தது.

காலையில், அன்று எரிச்சலூட்டக் கூடியது என்ன என்று எண்ணி, ‘அரியாங்குப்பத்தில் பேருந்து நின்றால், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன், கடிகாரத்தைப் பார்க்க மாட்டேன்’ என்பதுபோல ஒரு வாக்கியம் அமைத்துக்கொள்ளலாம். ‘இப்படி நடந்தால், இதைச் செய்வேன்’ என்று முன்பே வகுத்த திட்டம் வெறும் உறுதிமொழியைவிட நன்றாக வேலை செய்கிறது என்று பீட்டர் கோல்விட்சர் 1990-களில் காட்டினார். கோபத்துக்குச் செனெகா சொன்ன தலைசிறந்த மருந்து: தாமதம். வாட்ஸ்அப் பதிலை எழுதிவிட்டு, அனுப்பாமல் குளிக்கப் போங்கள்.

மனச்சோர்வு உள்ளவருக்கு இது போதுமா?

போதாது. தூக்கம், பசி, எதிலும் நாட்டம் ஆகியவை கெட்டு, அந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். புதுச்சேரி ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது. வெளியே போக மனமில்லாதவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றே அழைக்க வேண்டும், அருகில் இருப்பவரிடமும் சொல்ல வேண்டும். அந்த நிலையில் இருப்பவரிடம் ‘எல்லாம் உன் எண்ணத்தில்தான் இருக்கிறது’ என்று சொல்வது கொடுமை.

இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களுக்கு இது உதவியதா?

ஓரளவு. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அன்று காலையே வெளியூரிலிருந்து மகள் அழைத்து, அலமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேலே ஏற்றிவிடுங்கள் அப்பா என்றாள். நம் தெருவுக்குத் தண்ணீர் வந்ததே இல்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு மூன்று நாள் கழித்துத் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகியபோது, முழங்கால் அளவு தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. கீழ்த்தட்டு இரண்டும் நனைந்தன. செனெகாவும் அதில் ஒருவர். மகள் நலம் விசாரிக்க அழைத்தாள். ‘அப்போதே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் காரணமில்லாமல் அவள்மேல் எரிந்து விழுந்து தொலைபேசியை வைத்தேன். முன்னொத்திகை, தாமதம், ஒப்புதல் என்று நான் மற்றவர்களுக்குக் கற்பித்த ஒன்றும் அந்த நேரத்தில் என்னிடம் இல்லை. இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குறிப்பேட்டை எடுத்தபோதுதான் நடந்தது கண்ணில் பட்டது. விடிந்ததும் அவளை அழைத்தேன். முன்பெல்லாம் இப்படி ஒரு அழைப்புக்கு எனக்குக் குறைந்தது ஒரு மாதம் ஆகும்.

அந்தச் செனெகா உப்பிப்போய் இன்றும் மூட மறுக்கிறது. மழை அறிவிப்பு வந்தால் மகள், ‘கீழ்த்தட்டு காலியா அப்பா?’ என்று கேட்கிறாள். அங்கே இப்போது பித்தளைப் பாத்திரங்கள் இருக்கின்றன.